பருத்திப்பூ பார்டர் போட்ட கோரிக்கை மனு

எனக்கு ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வியாதியாகத்தான் சொல்கிறேன். கண்டக்டர் மீதிச் சில்லறையை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்தால், அந்த டிக்கெட்டைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேன். ஹோட்டலில் இரண்டாவது தடவை சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசி அரைத் தோசையை வெறுமனே மென்று விழுங்கியது எத்தனையோ நாள். (சர்வர் பக்கத்தில் வந்து நின்றால்கூட வாளியைப் பார்ப்பேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.)

இப்படிப்பட்ட என்னைத்தான் இரண்டு பேர் நம்பி, தங்களுக்கும் சேர்த்துக் கேட்டு வரச் சொல்லி முதலாளி அண்ணாச்சியின் அறைக்குள் அனுப்பினார்கள். ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறமாதிரிதான் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருத்தங்கலில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டிசைனராக இருந்தேன். கீழ்த்தளம் முழுக்க மெஷின்கள். மேலே கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர். ஏ.சி. உண்டு. அது கம்ப்யூட்டருக்காகப் போட்டது. எங்கள் மேல் குளிர் பட்டது தற்செயல். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரை அணைத்தால் ஏ.சி.யையும் அணைத்துவிடுவார்கள். நாங்கள் வியர்த்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறப்போம்.

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், தினசரிக் காலண்டருக்குச் சாமி படம், கல்யாணப் பத்திரிகை, மிட்டாய்க் கவர் எல்லாம் எங்கள் கைவழியாகத்தான் போகும். பார்ட்டிகள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு திருத்தம் சொல்வார்கள். ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர் வெடி லேபிளை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு தம்பி, சத்தம் பத்தல" என்றார். காகிதத்தில் எப்படிச் சத்தத்தைக் கூட்டுவது? மஞ்சளைக் கூட்டினேன். "இப்பம் கேக்குது பாரு" என்று சந்தோஷமாகப் போனார்.

பிரஸ் வாசலில் ஒரு போர்டு இருந்தது. 'ஆர்டர் கொடுப்பவர்களுக்கு டிசைன் முற்றிலும் இலவசம்.' அதை டிசைன் செய்ததும் நான்தான். இலவசம் என்ற சொல்லைச் சிவப்பில், சுற்றிலும் மத்தாப்பு சிதறுகிற மாதிரி போட்டிருந்தேன். வருகிற போகிறவர்களெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஒரே பெருமை. அந்த இலவசம் என்பது என்னையும் பக்கத்து நாற்காலிக்காரர்களையும்தான் என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

கீழே மெஷினில் நிற்பவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஓ.டி. உண்டு. சாயங்காலம் டீயோடு பன் வரும். எங்களுக்கு இரண்டும் கிடையாது. ஏனென்றால் நாங்கள் 'ஸ்டாஃப்'. ஸ்டாஃப் என்றால் சக்கரம் வைத்த நாற்காலி, ஓ.டி. கேட்டால் அந்த நாற்காலியின் மரியாதை என்னாவது? ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியே வந்ததும் சீசன் சூடுபிடித்துவிடும். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரில் நாங்கள் சிவப்பில் போடுகிற ஒரு எண். அம்புட்டுதான்.

என் வலதுபக்கம் கருப்பசாமி. என்னைவிட இரண்டு வயது சின்னவன், கோபக்காரன். இடதுபக்கம் ஸ்டெல்லா அக்கா. நாற்பது வயது இருக்கும். பதினோரு வருஷமாக அதே அறையில் வேலை. தினமும் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரர் அங்கே தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கை ரொம்ப வேகம். நான் ஒரு முருகன் கையில் வேலைக் கொடுப்பதற்குள் அவர் மூன்று பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்துவிடுவார்.

அந்த வருஷம் ஆடிக்கு முன்னாலேயே அக்காவின் மவுஸ் இடதுபக்கம் இடம் மாறியிருந்தது.

"என்னக்கா, மவுஸ் அந்தப் பக்கம் போயிருச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி. வலது கை கொஞ்சம் ரெஸ்ட் கேக்குது."

ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார். "இதக் கொஞ்சம் தொறந்து குடு" என்றார். லேசான மூடிதான், சின்னப் பிள்ளைகூடத் திறந்துவிடும். நான் திறந்து கொடுத்தேன். அவர் சோற்றைப் பிசைவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சும்மா கூடவே போய்வந்தன. பிடிப்பே இல்லை.

"எம்புட்டு நாளாக்கா இப்படி?"

"பங்குனிலருந்து. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இப்பம் எறும்பும் இல்ல, மரத்துப் போச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "என் தங்கச்சி நர்சு இல்லா, அவ பெரிய டாக்டர்ட்ட கூட்டிப் போனா. மணிக்கட்டுல நரம்பு நசுங்கிருக்காம். ஒரு மாசமாவது மவுஸத் தொடாம இருக்கணும், இல்லன்னா ஆபரேசன்னு சொல்லுதாக. ஒரு மாசம் சம்பளம் இல்லாம எப்படி இருக்க?"

கருப்பசாமி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டான். "வாங்க, மூணு பேரும் இப்பமே போய்க் கேப்போம். மெசினுக்குக் கோளாறு வந்தா மதுரையிலருந்து மெக்கானிக்கு வாரான். அக்கா கைக்கு வர மாட்டானா?"

"உக்காருடா" என்றார் அக்கா. "சத்தம் போட்டா மூணு பேரையும் அனுப்பிட்டு, திங்கக்கிழமைக்குள்ள வேற மூணு பேர உக்கார வச்சிருவாக. மரியாதையா எழுதிக் குடுப்போம். மாரி கொண்டு போகட்டும். அண்ணாச்சிக்கு மாரியப் புடிக்கும்."

"புடிக்காம என்ன செய்யும்?" என்றான் கருப்பசாமி. "அவன் இதுவரைக்கும் அவர்ட்ட ஒண்ணுமே கேட்டதில்லயே."

அப்படித்தான் மாரீஸ்வரனாகிய நான் பிரதிநிதி ஆனேன்.

வீணாய்ப்போன ப்ரூஃப் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றே கோரிக்கை. ஒன்று, மெஷின்காரர்களுக்கு மாதிரி எங்களுக்கும் ஓ.டி. இரண்டு, சீசனிலும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடுமுறை.

"மூணாவது நல்லா எழுதிக்கோ" என்றார் அக்கா. "இந்த வேலையினால் கை, கண், முதுகு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் மருத்துவச் செலவும் தர வேண்டும். 'சம்பளத்தோடு'ங்கிறத மட்டும் தடிச்ச எழுத்துல போடு தம்பி."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? வெள்ளைத் தாளில் அடித்து, கையெழுத்து வாங்கி, அன்றைக்கே கொடுத்திருப்பான். ஆனால் நான் டிசைனர் அல்லவா! மூன்று வருஷமாக அடுத்தவன் வெடிக்கும் அடுத்தவன் கல்யாணத்துக்கும் வேலை பார்த்தவனுக்கு முதல்முறையாக எங்களுக்கென்று ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இதைச் சும்மா விடலாமா?

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் எழுத்துரு தேடினேன். ஒன்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது, இன்னொன்று மிரட்டுகிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பார்டரில் இறங்கினேன். மயில், அன்னம், மாங்காய் எல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்தவை. எங்கள் ஊர்ப்பக்கக் கரிசக்காட்டுப் பருத்தியைப் போட்டேன். மஞ்சள் பூ, பச்சை இலை, வெடித்த காயிலிருந்து வெள்ளையாக எட்டிப் பார்க்கும் பஞ்சு. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு தாளைச் சுற்றி வரும். உண்மையாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படி ஒன்றை அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

பார்டர் வளர வளர நடுவில் இருந்த கோரிக்கை சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் பதினான்கு அளவில் இருந்த எழுத்து பன்னிரண்டானது, பிறகு பத்து, பிறகு எட்டு. அப்போதும் மூன்றாவது கோரிக்கை அடங்கவில்லை. இரண்டு வரி நீண்டு, வலதுபக்கக் கீழ் மூலையில் இருந்த பருத்திக்காயில் போய் இடித்தது. காயை நகர்த்திப் பார்த்தேன், மூலை மொட்டையாகத் தெரிந்தது. எழுத்தை இன்னும் சிறிதாக்கினால் எறும்பு வரிசை.

கடைசியில் காயை விட்டுவிட்டு வரியை மாற்றினேன். 'உடல்நலம் கருதி ஆவன செய்ய வேண்டுகிறோம்.'

ஒரே வரி. நட்டநடுவில் அழகாக உட்கார்ந்தது. அர்த்தம் அதேதானே, இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றியது. (மடையன்.)

திரையில் இரண்டு பேருக்கும் காட்டினேன். கருப்பசாமி பார்டரைப் பார்த்து வாயைப் பிளந்தான். அக்கா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"அழகா இருக்கு தம்பி. எழுத்துதான் கண்ணுக்கு எட்ட மாட்டேங்குது."

"பிரிண்ட்ல நல்லாத் தெரியும்க்கா."

பிரிண்டிலும் தெரியவில்லை. கெட்டியான ஆர்ட் அட்டையில் தங்கக் கோடு வைத்து எடுத்திருந்தேன். அக்கா வலது கையால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பேனா இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை போட்டுவிட்டார். படித்துப் பார்க்கவில்லை. அவர் சொன்னதைத்தானே நான் எழுதியிருப்பேன்?

அண்ணாச்சியைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. கத்த மாட்டார், திட்ட மாட்டார். யார் உள்ளே போனாலும் முதலில் அவர் கேட்பது ஒன்றுதான். அந்தக் கேள்வியிலேயே பாதிப்பேருக்குத் தாங்கள் வந்த காரியம் மறந்துபோகும்.

"சாப்பிட்டியாலே மாரி?"

"சாப்பிட்டேன் அண்ணாச்சி."

"என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு அண்ணாச்சி."

புளிக்குழம்பு வரைக்கும் பேசிவிட்ட மனிதரிடம் ஓ.டி. பற்றி எப்படி ஆரம்பிப்பது? அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கினார். தங்கக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"யாரு போட்டது இத?"

"நான்தான் அண்ணாச்சி."

"ஏலே! இம்புட்டு நாளா இத எங்கன ஒளிச்சு வச்சிருந்த?" எழுந்தே நின்றுவிட்டார். "பருத்தியப் போய் யாரு பார்டர்ல நெனச்சா? இந்த வருசம் கல்யாண ஆல்பத்துல மொதப் பக்கம் இதான். பச்சை மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு, கம்மி பண்ணு. நடுவுல இருக்கிற எழுத்த எடுத்துரு."

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது கோபமா, ஏமாற்றமா? இரண்டும் இல்லை. சந்தோஷம். மூன்று வருஷத்தில் என் வேலையைப் பார்த்து ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் பல்லாக, "சரி அண்ணாச்சி" என்றேன். கதவு வரைக்கும் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, அந்த எழுத்து..."

"என்ன எழுத்து?"

"அது மனு அண்ணாச்சி."

"மனுவா? வச்சிட்டுப் போ, படிக்கேன்."

வெளியே இரண்டு பேரும் படிக்கட்டில் நின்றிருந்தார்கள். "என்னலே சொன்னாரு?" என்றான் கருப்பசாமி.

"பச்சையக் கம்மி பண்ணச் சொன்னாரு" என்றேன்.

(இந்த இடத்தில்தான் கேட்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.)

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி என்னையும் ஸ்டெல்லா அக்காவையும் கூப்பிட்டார். அட்டை மேஜை மேல் இருந்தது. படித்திருந்தார். பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது.

"ஏம்மா, கை சரியில்லன்னு எங்கிட்ட நேரா சொல்லப்படாதா? மனு எழுதித்தான் சொல்லணுமா? பதினோரு வருசம் பழகுன புள்ள" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "இதுல என்ன எழுதிருக்கீக? உடல்நலம் கருதி ஆவன செய்யணும். செஞ்சிருதேன். நாளைலருந்து வீட்ல இருந்து நல்லா ரெஸ்ட் எடும்மா. கை சரியானப்புறம், ஆள் தேவைப்பட்டா நானே சொல்லி விடுதேன்."

அக்கா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சம்பளம் அண்ணாச்சி?" என்றார்.

"வேலை பாக்காம எப்படிம்மா சம்பளம்? நீயே சொல்லு. நீங்களும் அப்படி ஒண்ணும் எழுதலையே இதுல."

அக்கா அட்டையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் அவர் உதடு அசைவது நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் மூலையிலிருந்த பருத்திக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'நான்தான் மாத்தினேன் அண்ணாச்சி, அக்கா சொன்னது வேற' என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு என்னிடம் இல்லை.

அக்கா எங்கள் அறைக்கு வந்து நாற்காலியில் போட்டிருந்த தலையணையையும், திரைக்கு மேல் ஒட்டியிருந்த வேத வசனச் சீட்டையும் எடுத்துப் பையில் வைத்தார். சீட்டின் ஒரு ஓரம் கிழிந்தது. கருப்பசாமி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனான். நான் போகவில்லை. எனக்குப் பச்சையைக் கம்மி பண்ணுகிற வேலை இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, மாலை போட்டு, பொரிகடலை கொடுத்தார்கள். ஆல்பம் வெளியாகிப் பருத்திப்பூ கார்டுக்கு அதற்குள் ஆர்டர் குவிந்திருந்தது. அண்ணாச்சி என்னை முன்னால் கூப்பிட்டு, எல்லோருக்கும் எதிரே தோளில் ஒரு பெரிய பூந்துண்டைப் போர்த்தினார். மைக்கைக் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்த பேசுலே" என்றார்.

எதிரே ஐம்பது பேர். கடைசியில் கருப்பசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணாச்சியே மைக்கைக் கொடுத்திருக்கிறார், இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்கே தெரிந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"நன்றி, வணக்கம்" என்றேன்.

அண்ணாச்சி கேட்டபடி கணக்காக இரண்டே வார்த்தை. எல்லோரும் கைதட்டினார்கள். கருப்பசாமி பொரிப் பொட்டலத்தை மெஷின் மேலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. எந்தப் பஸ்ஸில் ஏறினேன், சிவகாசியில் எப்படி மாறினேன் என்று தெரியவில்லை. சாத்தூரில் இறங்கி விசாரித்து, அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, யாருக்குக் கல்யாணம்?"

அப்போதுதான் தோளைப் பார்த்தேன். துண்டு அப்படியே இருந்தது. பஸ்ஸில் ஒரு அம்மாள் ஏன் அத்தனை மரியாதையாக இடம் விட்டார் என்பது அங்கேதான் விளங்கியது.

உள்ளே தரையில் பழுப்புத் தாள் அடுக்கும் பசைக் கிண்ணமும் இருந்தன. பலசரக்குக் கடைக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தார். அதே கையால்.

"ரெஸ்ட் எடுக்கலையாக்கா?"

"ரெஸ்ட் எடுத்தா அடுப்பு எரியுமா?" என்றார். வெறுப்பாகச் சொல்லவில்லை. ஒரு தட்டில் சேவு கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு பையை மடித்து ஒட்டிவிட்டு அவரே கேட்டார்.

"அந்த வரிய ஏன் தம்பி மாத்துன?"

என்னென்னமோ சொல்லலாம் என்று வந்திருந்தேன். அண்ணாச்சிக்குக் கோபம் வராமல் இருக்க என்று சொல்லலாம், மரியாதைக்காக என்று சொல்லலாம். வாயில் உண்மைதான் வந்தது.

"நீளமா இருந்துச்சுக்கா. பார்டர்ல இடிச்சுது."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், அவர் அழுதுகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு சேவுத் துண்டை எடுத்து வாயில் போட்டேன். அது நொறுங்குகிற சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது.

"போய்ட்டு வா தம்பி" என்றார் கடைசியில். "துண்ட எடுத்துட்டுப் போ. பிசினு பட்டுரும்."

பூஜை லீவு முடிந்து பிரஸ் திறந்ததும், நேராக அண்ணாச்சி அறைக்குப் போனேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாப்பிட்டியாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஏன்? மொதல்ல போய்ச் சாப்பிடு."

"சாப்பிட மாட்டேன் அண்ணாச்சி." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஸ்டெல்லா அக்கா சொன்னது வேற, நான் எழுதுனது வேற. அவுகளுக்குச் சம்பளத்தோட லீவு குடுங்க. கை போயிரும் அண்ணாச்சி."

சாப்பிடப் பிடிக்கவில்லை என்ற அர்த்தத்தில்தான் நான் சொன்னேன். அண்ணாச்சி முகம் மாறிப்போனது. "என்னலே, உண்ணாவிரதமா?" என்றார். ப்ரூஃப் வாங்க வந்து கதவருகே நின்ற கருப்பசாமிக்கு அது காதில் விழுந்தது. அவ்வளவுதான். "மாரி உண்ணாவிரதம்!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினான். மெஷின் ஒவ்வொன்றாக நின்றது. சீசன் நேரத்தில் மெஷின் நின்றால் அண்ணாச்சிக்கு நெஞ்சே நின்றமாதிரி. கீழிருந்து இருபது முப்பது பேர் படியேறி வந்து என்னைப் பார்த்தார்கள். ஒருவர், தண்ணீர் குடிக்கலாம், அது கணக்கில் வராது என்று எனக்குத் தைரியம் சொன்னார். இல்லை, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் வாய் வராததால் ஒரு நல்லது நடந்தது அந்த ஒரு நாள்தான்.

பதினொரு மணி வாக்கில் பசியில் கண் இருட்டியது. பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சி ஒருவழியாக இறங்கி வந்தார். சீசனிலும் மாதம் ஒரு ஞாயிறு லீவு. ஓ.டி. பற்றி, "சீசன் முடியட்டும் பேசுவோம்." (இன்னும் முடியவில்லை.) ஸ்டெல்லா அக்காவுக்கு இரண்டு மாதச் சம்பளம், ஆனால் சம்பளம் என்று இல்லை, உதவித்தொகை என்று.

அக்கா அதை வாங்கிக்கொண்டார். "அவரு என்ன பேரு வேணும்னாலும் வச்சிக்கிடட்டும், எனக்கு அது சம்பளம்தான்" என்றார். மதுரையில் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு விரலுக்கு உணர்வு திரும்பியது. கட்டைவிரலுக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. நான் பார்டர் போட்ட ஒன்பது நாளும் அந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. சாத்தூரில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கருப்பசாமி கோயம்புத்தூர் போய்விட்டான். நானும் அடுத்த வருஷம் பிரஸ்ஸை விட்டு வந்து, விருதுநகரில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தொழில் பார்க்கிறேன். இப்போது பார்ட்டிகள் வாட்ஸ்அப்பில் பதினேழு திருத்தம் அனுப்பிவிட்டு, "சும்மா ஒரு டிசைன்தான தம்பி" என்கிறார்கள். முதலாளி இல்லாததால், என்னைச் சுரண்டுகிற வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பத்திரிகை அடிக்கிற பொறுப்பைப் பெண்வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். "மாப்பிள்ளை டிசைனரு, சாதாரண கார்டு போட்டா கேவலம்" என்று என் மாமனார் அருப்புக்கோட்டையில் நாலு கடை ஏறி இறங்கி, ஆல்பத்தில் இருந்ததிலேயே விலை கூடிய கார்டாகப் பார்த்து ஐந்நூறு அடித்துக் கொண்டுவந்தார். கவரைப் பிரித்தேன். பருத்திப்பூ. பச்சை கொஞ்சம் கம்மியாக.

நான் முகம் வெளுத்து நின்றதைப் பார்த்து மாமனார் பயந்துவிட்டார். கார்டு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் முதல்முறை அந்தக் கதையைச் சொன்னேன். புளிக்குழம்பு, பச்சை, துண்டு, உண்ணாவிரதம் எல்லாம். வீடே சிரித்தது. அன்றிலிருந்து அது குடும்பச் சொத்து. நான் கரண்ட் ஆபீஸுக்குக் கிளம்பினாலும் சரி, பார்ட்டியிடம் பாக்கி கேட்கக் கிளம்பினாலும் சரி, என் மனைவி வாசல் வரைக்கும் வந்து, "பார்டர் போட்டுட்டு வந்துராதீக" என்பாள். மச்சினன் கடன் கேட்டு வந்தால்கூட, "பார்டர் போடாம கேளுங்க மச்சான்" என்றுதான் நானே சொல்கிறேன்.

போன மாதம் பையனுக்கு மொட்டை போட்ட விசேஷத்துக்கு ஸ்டெல்லா அக்கா வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, என் மனைவி வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தாள். "பச்சையக் கம்மி பண்ணச் சொன்னாரு" என்ற இடம் வந்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா ஸ்டெல்லா, அம்புட்டு அழகா எழுதிக் குடுத்தும் ஏன் ஒன்னய வீட்டுக்கு அனுப்புனாரு?" என்று கேட்டார்.

என் மனைவிக்கு அந்த மூன்றாவது வரி தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது. சிரிக்கிற கதையில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை விட்டுவிட்டே சொல்லிப் பழகிவிட்டேன்.

அக்கா என் பக்கம் பார்க்கவில்லை.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருந்துச்சும்மா" என்றார். "அவருக்குச் சரியாத் தெரியல."